கதிரி சாலையில் வெள்ளை சுமோ

குவைத்திலிருந்து வந்து இறங்கிய நாள் முதலாக முனிகிருஷ்ணன் வாயைத் திறந்தால் பாலைவனம்தான். அங்கே சண்டை ஓய்ந்த மறுவருஷம் போனவன், ஆறு வருஷம் ஒரு பணக்காரர் வீட்டில் கார் ஓட்டினான். குளிர்காலம் வந்துவிட்டால் அந்த ஊர்க்காரர்கள் வீடு தங்க மாட்டார்களாம். குடும்பம் குடும்பமாகக் கிளம்பி, மணலில் கூடாரம் அடித்து, ஆட்டைச் சுட்டுத் தின்று, நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்களாம்.

"நானு தூரமா வண்டியில குந்திக்கினு கண்ணாடி வழியா பாத்துக்கினு இருப்பேன் கங்கா. எம்மாம் பெரிய ஆகாசம் தெரியுமா? நம்ம புள்ளைய இட்டுக்கினு ஒருவாட்டி இப்டி போவணும்னு அப்பவே நெனச்சிக்கினேன்."

கங்கம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் ஊரான சத்தியவேட்டைச் சுற்றி ஏரியும் நெல்லும்தான். பாலைவனத்துக்கு எங்கே போவது?

"கதிரி பக்கம் போனா கீது," என்றான். "மதனப்பள்ளி தாண்டிட்டா பாறையும் முள்ளும் மணலும்தான். மழைன்னா இன்னான்னு கேக்கற ஊருங்க."

வண்டியும் கையில் இருந்தது. திருப்பதிக்கு வரும் யாத்திரைக்காரர்களை ஏற்றி ஓட்டலாம் என்று ஒரு வெள்ளை சுமோவைத் திருப்பதிப் புரோக்கர் ஒருவனிடம் பிடித்திருந்தான். முன்னால் அதை வைத்திருந்தவர் மதனப்பள்ளிக்கு மேற்கே ஏதோ ஒரு மண்டலத்தின் பழைய பிரசிடெண்டு. பெரிய மனுஷர் வீட்டு வண்டி, பூப்போல வைத்திருந்தார்கள் என்று சொல்லியே புரோக்கர் அதைத் தள்ளிவிட்டான். அவர் ஏன் அதை விற்றார் என்று முனிகிருஷ்ணன் கேட்கவில்லை.

மார்கழியில் கிளம்பினார்கள். முனிகிருஷ்ணன், கங்கம்மா, எட்டாவது படிக்கும் மகள் தரணி, கங்கம்மாவின் தம்பி சீனு. சீனு ரைஸ் மில்லில் டிராக்டர் ஓட்டுகிறவன். தையில் அவனுக்குக் கல்யாணம் வைத்திருந்தது. வழியெல்லாம் தரணி அவனைக் கிண்டல் செய்துகொண்டே வந்தாள். திருப்பதியில் சாமி பார்த்துவிட்டு, சித்தூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, விடிந்ததும் பாகாலா வழியாக மேற்கே திரும்பினார்கள். பாகாலா ஸ்டேஷன் பனியில் தெரியவே இல்லை. எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது.

கங்கம்மா பின்சீட்டில் உட்கார்ந்து புருஷனின் பிடரியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நரைத்திருந்தது. கல்யாணமான வருஷங்களில் கிட்டத்தட்டப் பாதியை அவன் இல்லாமலே வாழ்ந்திருந்தாள். அவள் அப்பன் கூலிக்குப் போனவன். சொந்தமாக ஒரு வரப்பு கிடையாது. குவைத்துச் சம்பாத்தியத்தில் வாங்கின நிலத்தை உழுது காப்பாற்றியது இவள்தான். வரப்பை வெட்டிச் சேர்த்துக்கொண்ட பக்கத்து நிலத்துக்காரன் முன்னால் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவள். இந்த மனிதனோ வந்ததிலிருந்து சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. யாராவது சட்டென்று பக்கத்தில் கையைத் தூக்கினால் தலையைக் குனிந்துகொள்கிறான். அது ஏன் என்று கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தாள்.

மதனப்பள்ளி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். கடைக்காரன் டீயை ஆற்றியபடி வண்டியின் நம்பரைப் பார்த்தான். "பிரசிடெண்டு காரி பண்டி கதா?" பிரசிடெண்டு வண்டிதானே என்று தெலுங்கில் கேட்டான்.

"இப்ப நம்ம வண்டி," என்று முனிகிருஷ்ணன் பெருமையாகச் சொன்னான்.

பெஞ்சில் இருந்த ஒருவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான். அவன் அந்தப் பதிலைக் கேட்டானா இல்லையா என்று பின்னாளில் கங்கம்மா பலமுறை யோசித்திருக்கிறாள். கடைக்காரன் மட்டும் அவளிடம் வந்து தாழ்ந்த குரலில், "அம்மா, இருட்டறதுக்குள்ள திரும்பிடுங்க," என்றான்.

மதியம் ஒரு வறண்ட ஆற்றங்கரையில் முனிகிருஷ்ணன் வண்டியை இறக்கினான். தண்ணீர் ஓடின அடையாளமே இல்லாத ஆறு. மணல் வெள்ளையாகக் கிடந்தது. ஒரு கரையில் வேலிக்காத்தான், மறுகரையில் யானை யானையாகப் பாறைகள். வெயில் அடித்தும் காற்று சில்லென்று இருந்தது. பாயை விரித்துப் புளிச்சோறும் முட்டையும் தின்றார்கள். குவைத்திலிருந்து கொண்டுவந்த கேமராவால் தரணி எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தாள். சீனு ஓட, முனிகிருஷ்ணன் மணலில் அவனைத் துரத்திப் பிடித்தான். மூச்சு வாங்க வந்து கங்கம்மாவின் பக்கத்தில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்தான்.

"இதான் கங்கா," என்றான். அவன் கண்ணோரம் ஈரமாக இருந்ததைக் கங்கம்மா பார்த்தாள்.

பொழுது சாய ஆரம்பித்ததும் கிளம்பினார்கள். இரண்டு பாறைகளுக்கு நடுவே சாலை குறுகிப் போகிற இடத்தில் ஒரு ஜீப் குறுக்கே நின்றது.

"ரிப்பேரு போல," என்று சீனு சொல்லி முடிக்கவில்லை. பாறை மேலிருந்து எதுவோ விழுந்து பானெட் மேல் வெடித்தது. வண்டி முழுக்கத் தூக்கிப்போட்டது. முன்கண்ணாடி பொடிப்பொடியாக உள்ளே கொட்டியது. கங்கம்மாவின் காது அடைத்துப்போனது. தரணி வாய் திறந்து கத்துவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.

ஆட்கள் ஓடி வந்தார்கள். முகத்தில் துண்டு கட்டியிருந்தார்கள். கையில் வளைந்த நீளக் கத்திகள். ஒருவன் முன்கதவைத் திறந்து சீனுவின் தலையைக் குறிவைத்து வெட்டினான். சீனு கையைத் தூக்கி மறைத்தான். கத்தி முழங்கைக்குக் கீழே இறங்கியது. ரத்தம் டாஷ்போர்டு மேல் பீய்ச்சியது. இரண்டாவது வெட்டு சீட்டில் விழுந்து பஞ்சைக் கிழித்தது. பின்பக்கக் கண்ணாடியை வேறொருவன் கட்டையால் அடித்தான். கங்கம்மா மகளை இழுத்துத் தரையில் தள்ளி அவள் மேல் கவிழ்ந்தாள். முதுகெல்லாம் கண்ணாடி விழுந்தது.

முனிகிருஷ்ணன் ரிவர்ஸ் போட்டான். வண்டி உறுமிக்கொண்டு பின்னால் பாய்ந்தது. எதன் மேலோ மோதி, ஏறி, மறுபடி முன்னால் சரிந்து இறங்கி நின்றது. அடியிலிருந்து வந்த அலறல் அடைத்த காதிலும் கேட்டது.

கங்கம்மா தலையைத் தூக்கித் தெலுங்கில் கத்தினாள். நாங்கள் சத்தியவேடு, தமிழ்க்காரர்கள், யாரென்று பார்த்து வெட்டுங்கள், உங்களுக்குக் கண் இல்லையா என்று தொண்டை கிழியக் கத்தினாள். உடைந்த ஜன்னல் வழியாக ஒருவன் எட்டிப் பார்த்தான். அவளைப் பார்த்தான், கீழே சுருண்டிருந்த பாவாடைச் சட்டைப் பெண்ணைப் பார்த்தான். அவன் கண்கள் மாறின.

"ஆடோள்ளு உன்னாருரா," என்றான் மற்றவர்களிடம். பொம்பளைகள் இருக்கிறார்கள். "வீள்ளு காது. இவங்க இல்லடா."

தூரத்தில் லாரி ஒன்றின் ஹாரன் கேட்டது. அவர்கள் ஜீப்பில் தாவி ஏறிப் போய்விட்டார்கள். வண்டிக்குப் பின்னால் கிடந்தவனை விட்டுவிட்டுப் போனார்கள்.

கங்கம்மா முந்தானையைக் கிழித்து, தம்பியின் கைக்கு மேலே இறுக்கிக் கட்டினாள். முன்கை தோலிலும் ஒரு நரம்பிலும் தொங்கியது. சீனுவின் முகம் வெளுத்து, பல் கிட்டியிருந்தது. "தரணி, இதப் புடிச்சிக்கோ. உடாத. கண்ண மூடிக்கினாலும் பரவால்ல, கைய மட்டும் உடாத," என்று மகளிடம் கொடுத்துவிட்டுப் புருஷனைத் தேடினாள். அவன் சீட்டில் இல்லை.

அவன் வண்டிக்குப் பின்னால் நின்றான். சாலையில் விழுந்து கிடந்த கத்தி அவன் கையில் இருந்தது. அவன் காலடியில் ஓர் இளைஞன் கிடந்தான். துண்டு அவிழ்ந்திருந்தது. மீசை இப்போதுதான் முளைத்தமாதிரி முகம். சக்கரம் இடுப்பின் மேல் ஏறி இறங்கியிருந்தது. கால்கள் இரண்டும் தன்னுடையவை அல்லாததுபோல் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தன.

"தப்பாயிடுச்சிண்ணா," என்றான் தெலுங்கில். "நீள்ளு. கொஞ்சம் தண்ணி."

முனிகிருஷ்ணன் கத்தியை ஓங்கினான். கங்கம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் மணலில் படுத்து வானத்தைப் பார்த்த முகம் இல்லை அது. கோபம்கூட இல்லை அதில். ரொம்ப நாளாகக் காத்திருந்தது கிடைத்துவிட்டவனின் முகம்.

"தரணி நைனா!" என்று கங்கம்மா புருஷனைப் பார்த்துக் கத்தினாள்.

கத்தி இறங்கியது. கிடந்தவனின் தோளில் ஆழமாகப் பதிந்தது. அவன் மறுபடி அலறினான். முனிகிருஷ்ணன் பிடுங்கி மறுபடி ஓங்கினான். கங்கம்மா பாய்ந்து கத்தியின் அலகை இரண்டு கையாலும் பிடித்தாள். உள்ளங்கை அறுபடுவது தெரிந்தது. விடவில்லை.

"உடு. அவன் எழுந்திருக்கக்கூட முடியாதவன். உடு."

"சீனு கைய வெட்னான் கங்கா."

"வெட்னவன் ஜீப்புல போய்ட்டான். என் தம்பி ரத்தம் போய்க்கினு கீது, நீ இங்க நின்னுக்கினு கீறியா? இவனத் தூக்கு. வண்டியில போடு."

"சாவட்டும் இவன்."

"இங்கயே செத்தா நீ கொன்னவன்யா. தரணி பாத்துக்கினு கீது."

அவன் திரும்பிப் பார்த்தான். உடைந்த பின்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள், மாமனின் கையைப் பிடித்தபடி, கண்ணை மூடாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முனிகிருஷ்ணனின் விரல்கள் தளர்ந்தன. லாரி வந்து நின்றது. டிரைவரும் கிளீனரும் இறங்கிக் கைகொடுத்தார்கள். இருவரையும் லாரியில் ஏற்றினார்கள்.

வழியில் இருந்த ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, ரத்தத்தை நிறுத்தி, திருப்பதிக்குக் கொண்டுபோங்கள் என்று ஒரு வேனில் அனுப்பினார்கள். போலீஸ் வந்து முனிகிருஷ்ணனை விசாரணைக்கு நிறுத்திக்கொண்டது. வேனில் ஒரு பக்கம் சீனு, மறுபக்கம் அந்தப் பையன், நடுவில் கங்கம்மாவும் தரணியும். பையன் பெயர் ஓபுலேசு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் அண்ணனைப் பிரசிடெண்டின் ஆட்கள் சந்தையில் வைத்து வெட்டிப் போட்டார்களாம். அந்தக் கும்பல் வந்து இறங்கியது இந்த வெள்ளை வண்டியில்தானாம்.

"நம்பரப் பாத்தோம். ஆளப் பாக்கல," என்றான்.

தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று நர்சு சொல்லியிருந்தாள். கங்கம்மா துணியை நனைத்து அவன் உதட்டில் வைத்தாள். சீனு மயக்கத்திலிருந்து விழித்து, அக்கா யாருக்குத் தண்ணீர் வைக்கிறாள் என்று பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்தத் திருப்பல் அவளை வெட்டியது.

பாக்கராப்பேட்டைக் காட்டுப் பாதையில் வேன் வளைந்து இறங்கும்போது ஓபுலேசு, "இந்திராணிகிட்ட நான் வலிக்காம போனேன்னு சொல்லுங்க," என்றான். இந்திராணி அவன் பெண்சாதி. கொஞ்ச தூரம் போனதும் கங்கம்மாவின் சேலையைப் பிடித்திருந்த கை கனத்தது. அவள் அவன் கண்களை மூடிவிட்டாள்.

திருப்பதியில் சீனுவின் கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்றார்கள்.

மறுநாள் முனிகிருஷ்ணன் வந்து சேர்ந்தான். அவனுக்குப் பின்னாலேயே இரண்டு கார்களில் ஆட்கள் வந்தார்கள். பிரசிடெண்டு அனுப்பியவர்கள். வெள்ளை வேட்டி சட்டை, பெரிய ஆப்பிள் கூடை, ரோஜா மாலை. முன்னால் நின்றவன் பச்சையப்பன் என்று தமிழ்ப் பெயர் சொன்னான். தமிழும் தெலுங்கும் கலந்து பேசினான்.

"நாங்க ரெண்டு வருஷமா தேடிக்கினு இருந்தவன நீ ஒரே ரிவர்ஸ்ல முடிச்சிட்ட அண்ணா," என்று சிரித்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும் பார்க்க மாலையைப் போட்டான். "வக்கீலு எங்க பொறுப்பு. போலீஸுல தோள்பட்டை வெட்டப் பத்திக் கேப்பாங்க. அவனோட ஆளுங்களே இருட்டுல தெரியாம வெட்டிட்டாங்கன்னு சொல்லு. பெரியவரு உன்ன வந்து பாக்கச் சொன்னாரு. இனிமே நீ எங்க ஆளு."

கங்கம்மா புருஷனைப் பார்த்தாள். மாலையின் கனத்தில் அவன் நிமிர்ந்திருந்தான். நரைத்த பிடரி நேராக நின்றது. அவன் இவ்வளவு நிமிர்ந்து நின்று அவள் பார்த்ததே இல்லை.

அவர்கள் போனதும், "கழட்டு அத," என்றாள்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

"இன்னா பேசற நீ?"

அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். ரோஜாவைத் தடவிக்கொண்டே பேசினான். "அங்க மொதலாளி பசங்க மூணு பேரு கங்கா. வண்டி லேட்டா வந்தா செருப்பால அடிப்பானுங்க. ஏசி சரியா இல்லேன்னா அடிப்பானுங்க. சின்னவன் எட்டு வயசு. அவனும் அடிப்பான், அண்ணனுங்க சிரிப்பானுங்க. பாலைவனத்துக்குப் போனா ராத்திரி குளிர்ல வண்டிய வுட்டு எறங்கக்கூடாது. ஆறு வருஷம். ஒருவாட்டி கூட கையத் தூக்கல நானு. பாஸ்போர்ட்டு அவங்ககிட்ட. நீங்க இங்க. எப்டித் தூக்கறது?" கொஞ்சம் நிறுத்தினான். "அவன் கீழ கெடந்து தண்ணி கேட்டப்ப, கை தானா எழுந்துச்சி. நல்லா இருந்துச்சி கங்கா. பொய் சொல்லல. இன்னிக்கி ஒருத்தன் மாலை போட்டு அண்ணான்றான்."

கங்கம்மாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவனை அணைத்துக்கொள்ளவும் அறையவும் தோன்றியது. கட்டுப்போட்ட கையால் மாலையைப் பிடித்து இழுத்தாள். நார் அறுந்து பூ தரையெல்லாம் சிதறியது.

"உன்ன அடிச்சவன் எவனோ, நீ வெட்னவன் எவனோ. இத போட்டுக்கினா நாளைக்கி வர்ற கத்தி உனக்கு வராது. சீனுக்கு வரும். தரணிக்கி வரும். வண்டியப் பாத்து வெட்னவங்க, இனிமே நம்ம மூஞ்சியப் பாத்து வெட்டுவாங்க."

அவன் குனிந்து பூக்களைப் பொறுக்க ஆரம்பித்தான்.

சவக்கிடங்கு பின்பக்கம் இருந்தது. அங்கே ஒரு வேப்பமரத்தடியில் ஓபுலேசின் உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கங்கம்மா தனியாகப் போனாள். யார் இந்திராணி என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. தலைவிரி கோலமாக, அழுது ஓய்ந்து போனவளாக, இருபது வயதுப் பெண் ஒருத்தி சுவரில் சாய்ந்திருந்தாள்.

"உன் புருஷன் என் பக்கத்துலதான் போனாரு," என்று கங்கம்மா தெலுங்கில் சொன்னாள். "வலிக்காம போனேன்னு உன்கிட்ட சொல்லச் சொன்னாரு. வலிச்சுது. ஆனா உன் பேரச் சொல்லிட்டுத்தான் போனாரு."

இந்திராணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வண்டி ஏறினதுன்னு சொன்னாங்க. தோள்ல வெட்டு இருக்குது. எங்க ஆளுங்க வெட்டலன்னு சத்தியம் பண்றாங்க. யாரு?"

பொய் சொல்ல இடம் இருந்தது. அந்தப் பொய்யை ஏற்கெனவே ஒருவன் தயாராகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

"என் வீட்டுக்காரரு. கீழ கெடந்தப்ப."

இந்திராணி எழுந்தாள். கங்கம்மாவின் தலைமயிரைப் பிடித்து இழுத்து முகத்தைச் சுவரில் மோதினாள். ஒருமுறை, மறுபடி ஒருமுறை. கீழே விழுந்தவளின் வயிற்றில் உதைத்தாள். கட்டுப்போட்ட கையை மிதித்தாள். கங்கம்மா கையைத் தூக்கவில்லை. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. ஆண்கள் இருவர் ஓடி வந்தார்கள், ஒருவன் கையில் செங்கல் இருந்தது. இந்திராணி அவர்களைப் பார்த்து, "தொடாதீங்க. இது என் கணக்கு," என்று சீறினாள்.

பிறகு அவளே களைத்துப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் மூச்சு வாங்கினார்கள்.

"உன் புருஷன் கோர்ட்டுல இதச் சொல்வானா?"

"தெரியாது. நான் சொல்வேன்."

"நீ சொன்னா, எங்க ஆளுங்க உங்க ஊரு பக்கம் வராம நான் பாத்துக்கறேன். ஏற்கெனவே ரெண்டு பேரக் குடுத்துட்ட வீடு எங்களுது. என் பேச்சு நிக்கும். எங்க ஆளுங்களே வெட்டினாங்கன்னு நீ பொய் சொன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

கங்கம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பினாள். உதடு கிழிந்து, ஒரு கண் வீங்கியிருந்தது. முனிகிருஷ்ணன் அதைப் பார்த்துக் கொதித்து எழுந்தான். "யாரு அடிச்சது?"

"குந்து. போலீஸ் வரும். நடந்தத நீயே சொல்லிடு. நீ சொன்னா நல்லது."

"சொன்னா உள்ள வெப்பாங்க. பாஸ்போர்ட்டு போய்டும்."

"போவட்டும்."

"இந்த நெலம், அந்த ஊடு, எல்லாம் அதுல வந்ததுதான் கங்கா."

"தெரியும். அதுக்கு நீ இன்னா குடுத்தேன்றது இன்னிக்கிதான் தெரிஞ்சுது. இனிமே அங்க நீ போவ வேணாம்."

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்து கேட்டார். முனிகிருஷ்ணன் இருட்டில் ஒன்றும் தெரியவில்லை, அவனுடைய ஆட்களே வெட்டிவிட்டார்கள் என்றான். தரையைப் பார்த்தபடி சொன்னான். இன்ஸ்பெக்டர் கங்கம்மாவிடம் திரும்பினார். அவள் முதல் வெடியிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள். உயிருக்குப் பயந்துதான் ரிவர்ஸ் போட்டார், பின்னால் ஆள் இருப்பது தெரியாது என்றாள். அதையும் அழுத்திச் சொன்னாள். அப்புறம் கத்தியை எடுத்ததைச் சொன்னாள். ஒருமுறை வெட்டினதைச் சொன்னாள். பக்கத்துக் கட்டிலிலிருந்து சீனு, "அக்கா, வேணாங்க்கா," என்று முனகினான். அவள் நிறுத்தவில்லை.

முனிகிருஷ்ணன் மெதுவாகத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். செருப்படி பட்டவன் பார்ப்பதுபோல் பார்த்தான். அந்தப் பார்வை அப்புறம் ரொம்ப நாள் அவளைத் தூங்கவிடவில்லை.

வழக்கு சித்தூர் கோர்ட்டில் நடந்தது. ஜீப்பில் வந்தவர்களில் நான்கு பேரைப் பிடித்திருந்தார்கள். அது தனி வழக்கு. முனிகிருஷ்ணன் வழக்கில் வண்டி ஏறியது தற்காப்பு என்று ஆனது. உயிர் போனதும் அதனால்தான் என்று டாக்டர் சொன்னார். விழுந்து கிடந்தவனை வெட்டியதற்கு இரண்டு வருஷம் கிடைத்தது. கங்கம்மா சாட்சிக் கூண்டில் நின்று சொன்னபோது, வராந்தாவில் பச்சையப்பன் காறித் துப்பினான். புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் வீட்டு ஆள் எங்களுக்கு எதற்கு என்று அவன் சொன்னது சத்தியவேடு வரை வந்தது. அதற்குப் பிறகு பிரசிடெண்டு பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை. இந்திராணியின் பக்கத்திலிருந்தும் யாரும் வரவில்லை. அவள் கொடுத்த வாக்கு நிலைத்தது.

சீனுவுக்கு நிச்சயம் செய்திருந்த பெண்வீட்டார் விலகிக்கொண்டார்கள். அவன் அக்காவோடு மாதக்கணக்கில் பேசாமல் இருந்தான். மில்லில் டிராக்டர் போய், வாட்ச்மேன் வேலை கிடைத்தது. ஒருநாள் அவனாகவே வந்து ஒற்றைக் கையால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, சோறு போடு என்று உட்கார்ந்தான். அவ்வளவுதான் சமாதானம். தெருவில் பெண்கள் கங்கம்மாவைப் பார்த்தால் பேச்சை நிறுத்தினார்கள். அவள் நிலத்துக்குப் போனாள், வந்தாள். தரணியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். பிள்ளைக்குப் பட்டாசுச் சத்தம் கேட்டால் மூச்சு முட்டியது. தீபாவளிக்குக் காதில் பஞ்சு வைத்து உள்ளறையில் உட்காரவைத்தாள்.

ஜெயிலுக்கு அவள் போனபோதெல்லாம் முனிகிருஷ்ணன் பார்க்க வரவில்லை. கொண்டுபோன பலகாரத்தை மட்டும் வாங்கிக்கொண்டான் என்று வார்டர் சொன்னார். அவள் அதையே நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டு திரும்புவாள்.

விடுதலையான அன்று கங்கம்மா கேட்டுக்கு வெளியே நின்றாள். இளைத்து, முழுக்க நரைத்து வெளியே வந்தான். அவளைப் பார்த்தான். நிற்காமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தான். அவள் பின்னாலேயே நடந்தாள். திருப்பதி பஸ்ஸில் ஏறினான். அவள் ஏறும்வரை பக்கத்து சீட்டில் துண்டைப் போட்டு வைத்திருந்தான்.

சித்தூரின் மாம்பழக் கம்பெனிகளைத் தாண்டியதும் அவன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே கேட்டான்.

"தரணி இன்னா சொல்லுது?"

"உன்ன இட்டுக்கினு வரச் சொல்லுச்சி."

"பயப்படுதா?"

"படுது."

அவன் தலையாட்டினான். பஸ் ஒரு ரயில்வே கேட்டில் நின்றது. கூட்ஸ் வண்டி ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

"உனக்கு?"

கங்கம்மா அவன் முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"எனக்கும் கொஞ்சம் கீது," என்றாள். "கீறத சொல்றேன். ஆனா ஊட்டுக்கு வா."

"எனக்கே என்னப் பாத்து பயமா கீது கங்கா," என்றான் அவன். சொல்லும்போது குரல் உடைந்தது. தோள் குலுங்கியது. முன்சீட்டு ஆள் திரும்பிப் பார்த்தான். கங்கம்மா அந்த ஆளை முறைத்துத் திரும்ப வைத்தாள். புருஷன் அழுது முடிக்கும்வரை ஜன்னல் கம்பியில் இருந்த அவன் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்டைத் திறந்தார்கள், பஸ் கிளம்பியது.